54 ஆண்டுகள், 261 நாட்கள்: ஹாம்பர்க் அணி முதல் டிவிஷனை இழந்த நிகழ்வு

நிகழ்வு சுருக்கமாக

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கால்பந்துக் கிளப்பான ஹெச்.எஸ்.வி., 1963இல் அந்நாட்டின் முதல் டிவிஷனான பூண்டஸ்லீகா தொடங்கியபோது அதில் இருந்த 16 அணிகளில் ஒன்று. 2018 மே 12 அன்று அது முதல்முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அதுவரை 55 சீசன், 1,866 ஆட்டம், இடையில் ஒரு வருடம்கூட விடுபட்டதில்லை. திரும்பி மேலே வர ஏழு வருடம் ஆனது.

இந்த ஆய்வில் ஆட்களின் பெயர் வராது, பொறுப்பின் பெயர் மட்டுமே வரும். காரணம் எளிது. 2013 செப்டம்பர் முதல் 2018 மே வரை ஒன்பது பேர் அங்கே பயிற்சியாளராக நின்றிருக்கிறார்கள், ஒரு ஆட்டத்துக்குத் தற்காலிகமாக நின்றவரைச் சேர்க்காமலே. அத்தனை பெயரையும் எழுதினால் கதை பெயர்களில் போய்ச் சிக்கிக்கொள்ளும். தவிர, தவறு இவர்களில் யாரோ ஒருவருடையது என்று நான் நினைக்கவில்லை. தப்பித்த ஒவ்வொரு முறையும் அந்தத் தப்பித்தலை கிளப் எப்படிப் புரிந்துகொண்டது என்பதில்தான் தவறு இருக்கிறது.

பின்னணி

ஹெச்.எஸ்.வி. சாதாரண கிளப் அல்ல. 1979, 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் பூண்டஸ்லீகா சாம்பியன். 1983இல் ஏதென்ஸ் நகரில் யுவென்டஸை 1-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. அந்தக் காலத்தில் லீகில் 36 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தோற்காமல் ஆடியிருக்கிறார்கள். 1987இல் ஜெர்மன் கோப்பை. அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படியான பெரிய கோப்பை எதுவும் வரவில்லை.

கோப்பைகள் நின்றுபோன காலத்தில் வேறொரு பெருமை வளர்ந்தது. தொடக்க கால அணிகள் ஒவ்வொன்றாகக் கீழே போய்க்கொண்டிருந்தன. 1996இல் ஃபிராங்க்ஃபர்ட்டும் கைசர்ஸ்லாட்டர்னும் இறங்கின. 1998இல் கொலோன் இறங்கியது. அதோடு ஒரு முறைகூட இறங்காத தொடக்க அணி என்று மிஞ்சியது ஹெச்.எஸ்.வி. மட்டும்தான். (பாயர்ன் மியூனிக் தொடக்க வருடத்தில் லீகிலேயே இல்லை, 1965இல்தான் மேலே வந்தது. அந்த எரிச்சலும் கலந்த பெருமை இது.) ரசிகர்கள் கிளப்பை 'டைனோ' என்று அழைத்தார்கள், டைனோசரின் சுருக்கம். கிளப்பின் சின்னப் பொம்மையும் ஒரு டைனோசர்தான். அழிந்துபோன விலங்கின் பெயரைச் செல்லப்பெயராக வைத்துக்கொண்டதில் உள்ள முரணை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரங்கின் வடமேற்கு மூலையில் ஒரு மின்னணுக் கடிகாரம் வைத்தார்கள். 1963 ஆகஸ்ட் 24, மாலை 5 மணி முதல் கிளப் முதல் டிவிஷனில் இருக்கும் காலத்தை அது வருடம், நாள், மணி, நிமிடம், நொடி என்று ஓட்டிக் காட்டியது. எதிரணி ரசிகர்கள் அதைப் பார்த்துக் கிண்டலடித்தார்கள், சொந்த ரசிகர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இந்த நிகழ்வில் அந்தக் கடிகாரத்தின் பங்கு அலங்காரத்தோடு முடியவில்லை என்பது என் கருத்து. கோப்பையோ ஐந்தாம் இடமோ அல்ல, 'கடிகாரம் நிற்கக்கூடாது' என்பதே கிளப்பின் இலக்காக மாறிவிட்டது.

முதல் அறிகுறிகள்: 2009 முதல் 2013 வரை

2009 வசந்தத்தில் கிளப் உச்சத்துக்கு அருகில் இருந்தது. ஜெர்மன் கோப்பையில் அரையிறுதி, யூஇஎஃப்ஏ கோப்பையிலும் அரையிறுதி. இரண்டிலும் எதிரணி அண்டை நகரத்துப் பரம வைரி வெர்டர் பிரெமன். இரண்டிலும் தோல்வி. ஐரோப்பிய அரையிறுதியில் பிரெமனில் 1-0 என்று வென்றுவிட்டு வந்து சொந்த மண்ணில் 2-3 என்று தோற்றார்கள். மொத்த கோல்கள் சமம் என்பதால் வெளியூர் கோல் கணக்கில், அதாவது எதிரணியின் ஊரில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற விதியில், வெளியேறினார்கள். அந்த ஆட்டத்தில் ரசிகர்கள் எறிந்த ஒரு காகித உருண்டையில் பட்டுப் பந்து துள்ளி, கார்னராகி, கோலில் முடிந்தது. அந்தக் காகிதத்தை பிரெமன்காரர்கள் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் ஐரோப்பா லீக் அரையிறுதி, எதிரணி ஃபுல்ஹாம். அந்த வருட இறுதி ஆட்டமே ஹாம்பர்க்கில்தான் நடக்கவிருந்தது. முதல் ஆட்டம் 0-0. இரண்டாவது ஆட்டத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது நிர்வாகம் பயிற்சியாளரை நீக்கியது. லண்டனில் 1-2 என்று தோற்று, தங்கள் ஊர் இறுதிப் போட்டிக்கு வேறு இரண்டு அணிகளை வரவேற்க வேண்டியதாயிற்று.

அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் பயிற்சியாளரை அனுப்பும் ஒரு நிர்வாகம், ஆபத்து வந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது. அன்று நீக்கப்பட்டவர் இந்தக் கதையில் இன்னும் இரண்டு முறை வருவார்.

2012இல் 15ஆம் இடம். 2013இல் 7ஆம் இடம். அந்த ஏழு நிம்மதி தந்தது. ஆனால் அதே சீசனில் மியூனிக்கில் 2-9 என்று தோற்றிருந்தார்கள். மியூனிக் பயணங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தாலே போதும்: 2013இல் 2-9, 2015 பிப்ரவரியில் 0-8, 2017இல் மறுபடி 0-8, 2018இல் 0-6. ஒரு அணி இடிவது ஒருநாளில் நடப்பதில்லை. இங்கே அதன் அளவு வருடாவருடம் ஸ்கோர் பலகையிலேயே எழுதப்பட்டது.

2014: வெளியூர் கோலில் தப்பியது

2013-14 சீசனில் மூன்று பயிற்சியாளர்கள். 34 ஆட்டத்தில் 27 புள்ளி, வாங்கிய கோல் 75, கடைசி ஐந்து ஆட்டத்திலும் தோல்வி, 16ஆம் இடம்.

இங்கே விதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2008 வரை கடைசி மூன்று அணிகளும் நேராகக் கீழே போய்விடும். 2008-09 முதல் விதி மாறியது. கடைசி இரண்டு அணிகள் மட்டும் நேராக இறங்கும். 16ஆம் இடத்தில் உள்ள அணிக்கு, இரண்டாம் டிவிஷனின் மூன்றாம் இடத்து அணியோடு இரண்டு ஆட்டம் கொண்ட பிளே-ஆஃப் என்ற கடைசி வாய்ப்பு உண்டு.

ஹெச்.எஸ்.வி. அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது. எதிரணி கிராய்டர் ஃபியூர்ட் என்ற சிறிய கிளப். ஹாம்பர்க்கில் 0-0, மே 18 அன்று ஃபியூர்ட்டில் 1-1. இரண்டு ஆட்டத்திலும் வெல்லாமலே, வெளியூரில் அடித்த ஒரே கோலின் தயவில் தப்பித்தார்கள். 2009இல் எந்த விதி அவர்களை வெளியே தள்ளியதோ அதே விதி இப்போது உள்ளே வைத்தது. (பின்னாளில் அந்த விதியே நீக்கப்பட்டுவிட்டது.) வெற்றிக்கு மூன்று புள்ளி என்று கணக்கிட்டால், இவ்வளவு குறைந்த புள்ளியோடு அதற்கு முன் எந்த அணியும் பூண்டஸ்லீகாவில் தங்கியதில்லை.

ஆக 2008க்கு முந்தைய விதிப்படி கடிகாரம் 2014 மே மாதமே நின்றிருக்கும். 'டைனோ சாகாது' என்ற பேச்சுக்கு நடுவில் இந்தச் சின்னக் கணக்கு யார் காதிலும் ஏறவில்லை.

எடுத்த முடிவு என்ன? ஒரு வாரம் கழித்து, மே 25 அன்று, உறுப்பினர்கள் கூடி வாக்களித்தார்கள். தொழில்முறை கால்பந்துப் பிரிவை உறுப்பினர் சங்கத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கும் தீர்மானம் 86 சதவீதத்துக்கும் மேல் ஆதரவோடு நிறைவேறியது. காரணம் சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை: பழைய அமைப்பில் ஆளுக்கொரு கருத்து, கண்காணிப்புக் குழுவில் ஓயாத சண்டை, பண முதலீட்டுக்கு வழி இல்லை. ஆனால் அமைப்பு மாறினால் அணியும் மாறிவிடும் என்று நம்பினார்கள். களத்தில் என்ன ஆட்டம் ஆடப்போகிறோம், எந்த வகை வீரர்களை வாங்கப்போகிறோம், அதை யார் ஐந்து வருடம் பொறுப்பேற்று நடத்துவார் என்ற கேள்விகள் அந்தக் கூட்டத்தோடு தீர்ந்துவிடவில்லை.

2015: கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு ஃப்ரீகிக்

அடுத்த சீசன் அதைவிட மோசம். ஃபியூர்ட்டில் காப்பாற்றிய பயிற்சியாளரை மூன்றே லீக் ஆட்டத்தில் அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் மார்ச் வரை நின்றார். அப்புறம் விளையாட்டு இயக்குநரே கொஞ்ச நாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார், இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி. ஆறு ஆட்டம் மட்டும் மிச்சம் இருக்கும்போது நான்காவது ஆளைக் கூப்பிட்டார்கள். அவர் யார் என்றால், 2010இல் அரையிறுதிக்கு நடுவில் அனுப்பப்பட்ட அதே மனிதர்.

35 புள்ளி, மறுபடி 16ஆம் இடம், மறுபடி பிளே-ஆஃப். இம்முறை கார்ல்ஸ்ரூஹே. ஹாம்பர்க்கில் 1-1. ஜூன் 1 அன்று இரண்டாவது ஆட்டத்தில் 78ஆம் நிமிடம் கார்ல்ஸ்ரூஹே கோல் அடித்தது. 90 நிமிடம் தாண்டியபோதும் அப்படியே 0-1. அப்போது பெனால்டி பெட்டிக்கு வெளியே ஒரு ஃப்ரீகிக் கிடைத்தது. பந்து கையில் பட்டது என்று நடுவர் கொடுத்த அந்த முடிவு கார்ல்ஸ்ரூஹேயில் இன்றும் ஆறாத புண். அணியின் பெரிய நட்சத்திரம் அடிக்கப் போனார். சிலி நாட்டு நடுகள வீரர் ஒருவர் 'நாளைக்கு, நண்பா' என்று அவரை விலக்கிவிட்டுத் தானே அடித்தார். பந்து வலைக்குள். கூடுதல் நேரத்தில் 115ஆம் நிமிடம் இன்னொரு கோல். கடைசி நொடிகளில் கார்ல்ஸ்ரூஹேக்குக் கிடைத்த பெனால்டியையும் கோல்கீப்பர் தடுத்தார்.

அற்புதமான ராத்திரிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கு வேண்டியது இது: தொடர்ந்து இரண்டு சீசன், மொத்தம் ஐந்து பயிற்சியாளர் மாற்றங்களைத் தாங்கிய ஓர் அணி, பழைய விதிப்படி இரண்டு முறை கீழே போயிருக்க வேண்டிய ஓர் அணி, தன்னை இறக்க முடியாது என்று நம்பத் தொடங்கியது. ஆற்றில் அடித்துப் போனவனை இரண்டு முறை மரக்கிளை பிடித்து நிறுத்தினால் அவனுக்கு நீச்சல் தெரியும் என்று அர்த்தமில்லை.

பணம் வந்த வழி

அந்த ஆண்டுகளில் ஹாம்பர்க்கில் பிறந்த ஒரு பெரும் சரக்குப் போக்குவரத்துத் தொழிலதிபர் கிளப்புக்குப் பணம் கொடுத்துவந்தார், கடனாகவும் பங்காகவும். ஜெர்மனியில் 50+1 விதி உண்டு, அதாவது வாக்குகளில் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். ஆகவே அவர் உரிமையாளர் ஆகவில்லை. ஆனால் காசு கொடுப்பவரின் கருத்துக்கு எடை இருக்காதா என்ன? அவர் அவ்வப்போது பேட்டி கொடுப்பார், மறுநாள் நிர்வாகம் விளக்கம் கொடுக்கும்.

வீரர்களை வாங்கிய முறை என்னவென்றால், சிக்கல் வந்தால் ஒரு பெரிய பெயர். 2016இல் செர்பிய விங்கர் ஒருவரை சுமார் 1.4 கோடி யூரோவுக்கு எடுத்தார்கள். திறமையில் குறை சொல்ல முடியாத ஆள். ஆனால் ஹாம்பர்க்கில் அவர் அடித்த கிராஸ்களுக்கு உள்ளே ஆள் இல்லை. அணி இறங்கியபின் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போனார். 2022இல் அந்த அணியோடு ஐரோப்பா லீகை வென்று, அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார்.

2016 இலையுதிர் காலத்தில், ஐந்தே ஆட்டத்துக்குப் பின், கார்ல்ஸ்ரூஹேயில் காப்பாற்றியவரை அனுப்பினார்கள். ஒரே கிளப்பில் அவருக்கு இது இரண்டாவது நீக்கம். அந்த சீசனும் கடைசி நாள்வரை இழுத்தது. 2017 மே 20, சொந்த மண்ணில் வோல்ஃப்ஸ்பர்க். 1-1 என்று முடிந்திருந்தால் மூன்றாவது பிளே-ஆஃப். மாற்று வீரராக இறங்கிய ஒரு இளைஞர், முந்தைய நாள்தான் 21 வயது நிறைந்தவர், 88ஆம் நிமிடம் தலையால் முட்டி 2-1 ஆக்கினார். வோல்ஃப்ஸ்பர்க் பிளே-ஆஃபுக்குப் போனது. ஹெச்.எஸ்.வி. 14ஆம் இடம்.

கடைசி சீசன்: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2017-18 நன்றாகத்தான் ஆரம்பித்தது. முதல் இரண்டு ஆட்டமும் வெற்றி. ஆனால் முதல் ஆட்டத்தின் 8ஆம் நிமிடத்திலேயே ஒரு விபத்து. கோல் அடித்த வலது விங்கர் சந்தோஷத்தில் சுழன்று குதித்தார், முழங்கால் தசைநார் கிழிந்தது, சீசனின் பெரும்பகுதிக்கு ஆள் இல்லை. கார்ல்ஸ்ரூஹேயில் 115ஆம் நிமிட கோலை அடித்தவரும் இவர்தான். இதை நிர்வாகத்தின் தவறாக எழுத முடியாது. ஒரு காலில் அத்தனை பாரத்தையும் ஏற்றிவைத்திருந்தது மட்டும் தவறு.

ஜனவரி நடுவில் 19 ஆட்டத்தில் 15 புள்ளி. கடைசி இடத்தில் இருந்த கொலோனிடம் சொந்த மண்ணில் 0-2 என்று தோற்ற மறுநாள் பயிற்சியாளரை நீக்கினார்கள். நீக்கியது நியாயமா என்பதைவிட, அடுத்து யாரை எடுத்தார்கள் என்பதே இந்த நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன்.

அப்போது இரண்டு வழி இருந்தது. ஒன்று, கிளப்பின் 21 வயதுக்குட்பட்டோர் அணிப் பயிற்சியாளர். அவருடைய பையன்கள் வடக்குப் பிராந்திய லீகில் முன்னணியில் இருந்தார்கள், பந்தை வைத்து ஆடினார்கள். இன்னொன்று, கிளப்பின் முன்னாள் தடுப்பாட்டக்காரர் ஒருவர், கடும் உழைப்பாளி என்று பெயரெடுத்தவர். நிர்வாகம் இரண்டாவதைத் தேர்ந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: ஆபத்தில் இருக்கும் அணிக்கு வேண்டியது போராட்டக் குணம், கிளப்பின் ரத்தம் ஓடும் ஆள், பரிசோதனைக்கு இது நேரமில்லை. இறங்கும் அபாயத்தில் இருக்கும் எந்த நிர்வாக அறையிலும் இந்த வாதம்தான் ஜெயிக்கும்.

ஏழு ஆட்டம். மூன்று டிரா, நான்கு தோல்வி, வெற்றி பூஜ்யம்.

மார்ச் மாதம் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. பயிற்சி மைதானத்தருகே யாரோ பதினோரு கல்லறைச் சிலுவைகளை நட்டார்கள், 'உங்கள் நேரம் முடிந்தது' என்ற பதாகையோடு. மார்ச் 8 அன்று தலைமை நிர்வாகியையும் விளையாட்டு இயக்குநரையும் நீக்கினார்கள். மார்ச் 10 அன்று மியூனிக்கில் 0-6. மார்ச் 12 அன்று பயிற்சியாளரையும் அனுப்பினார்கள். அப்புறம்தான் 21 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளரைக் கூப்பிட்டார்கள். அப்போது 26 ஆட்டத்தில் 18 புள்ளி. யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, அதனாலேயே அவருக்குக் கை கட்டப்படவில்லை.

அவர் செய்தது கவனிக்கத்தக்கது. கோல்கீப்பரை மாற்றினார். புதிய கோல்கீப்பர் பெட்டிக்கு வெளியே வந்து, ஒரு தடுப்பாட்டக்காரரைப் போலப் பந்தை ஆரம்பித்துவைத்தார். 21 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து ஒருவரை நடுகளத்தின் அடியில் நிறுத்தினார். குட்டையான ஜப்பானிய விங்கருக்கு இடது ஓரத்தைக் கொடுத்தார். ஓரங்கட்டப்பட்டிருந்த ஒரு நடுகள வீரரைத் திரும்பக் கொண்டுவந்தார், அவர் கோல் அடிக்க ஆரம்பித்தார். முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது டிரா. ஏப்ரல் 7 அன்று ஷால்கேவை 3-2 என்று வென்றார்கள். நவம்பர் கடைசிக்குப் பின் கிடைத்த முதல் வெற்றி அது. அந்த மாதக் கடைசிக்குள் ஃப்ரைபுர்கை 1-0, வோல்ஃப்ஸ்பர்கில் போய் 3-1 என்றும் வென்றார்கள்.

எட்டு ஆட்டத்தில் 13 புள்ளி. முந்தையவரின் ஏழு ஆட்டத்தில் 3 புள்ளி. வீரர்கள் அதே வீரர்கள்.

மே 12

கடைசி நாள் கணக்கு: ஹெச்.எஸ்.வி. 28 புள்ளி, வோல்ஃப்ஸ்பர்க் 30. ஹாம்பர்க் வென்று, வோல்ஃப்ஸ்பர்க் தோற்றால் பிளே-ஆஃப் கிடைக்கும். வோல்ஃப்ஸ்பர்குக்கு எதிரணி ஏற்கெனவே இறங்கிவிட்ட கொலோன். வோல்ஃப்ஸ்பர்கின் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஹாம்பர்க் இரண்டு முறை நீக்கிய அதே மனிதர்.

வோல்ஃப்ஸ்பர்க் முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தது, 4-1 என்று முடித்தது. ஹாம்பர்க் தன் வேலையைச் செய்தது, மென்ஷன்கிளாட்பாகை 2-1 என்று வென்றது. பயனில்லை. 31 புள்ளி, 17ஆம் இடம், மொத்த சீசனில் அடித்த கோல் 29.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது வடக்குப் பகுதியிலிருந்து ஒரு கூட்டம் பட்டாசுகளையும் கரும்புகைக் குண்டுகளையும் களத்தில் எறிந்தது. கால் மணி நேரம்போல ஆட்டம் நின்றது. கலவரத் தடுப்புப் போலீஸும் குதிரைகளும் புல்தரைக்கு வந்தன. மற்றப் பகுதிகளில் இருந்தவர்கள் எறிந்தவர்களைப் பார்த்து 'நாங்கள் ஹாம்பர்க்காரர்கள், நீங்கள் இல்லை' என்று ஒரே குரலில் கத்தினார்கள். அணியைத் திட்டவில்லை. இறங்கிய அணியை அன்று கைதட்டி அனுப்பினார்கள்.

கடிகாரம் 54 ஆண்டுகள், 261 நாட்கள், 0 மணி, 36 நிமிடம், 2 நொடியில் நின்றது.

அதன் பின்

நல்ல முடிவு ஒன்று உடனே வந்தது: தோற்றாலும் வழி காட்டிய பயிற்சியாளரை வைத்துக்கொண்டார்கள். கெட்ட முடிவு ஐந்து மாதத்தில் வந்தது. அக்டோபரில், அணி ஐந்தாம் இடத்தில், முதலிடத்துக்குச் சில புள்ளிகளே பின்னால் இருந்தபோது, அவரை நீக்கினார்கள். பழைய வியாதி இரண்டாம் டிவிஷனுக்கும் கூடவே வந்திருந்தது.

2019இல் நான்காம் இடம். 2020இல் நான்காம் இடம். கடைசி நாளில் சான்ட்ஹவுசனோடு டிரா செய்தாலே பிளே-ஆஃப் என்ற நிலையில் சொந்த மண்ணில் 1-5. 2021இல் நான்காம் இடம். 2022இல் மூன்றாம் இடம். பெர்லினில் ஹெர்தாவை 1-0 என்று வென்றுவிட்டு வந்து ஹாம்பர்க்கில் 0-2. 2023 எல்லாவற்றிலும் கொடுமை. சான்ட்ஹவுசனில் 1-0 என்று முடித்தார்கள், மேலே போய்விட்டோம் என்று ரசிகர்கள் களத்தில் இறங்கி ஆடினார்கள், ஒலிபெருக்கியில் வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். அதே நேரம் ரீகன்ஸ்பர்கில் ஹைடன்ஹைம் கூடுதல் நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து மேலே போனது. பிளே-ஆஃபில் ஸ்டுட்கார்ட்டிடம் 0-3, 1-3. 2024இல் மறுபடி நான்காம் இடம்.

2024 நவம்பரில் மறுபடி பயிற்சியாளர் மாற்றம். இம்முறை வெளியே பெரிய பெயர் தேடவில்லை. உதவிப் பயிற்சியாளராக இருந்த, ஹாம்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்த, சின்ன வயதில் அதே அணிக்கு ரசிகராக இருந்த இளைஞரிடம் கொடுத்தார்கள். முதலில் தற்காலிகமாக, பிறகு நிரந்தரமாக. 2025 மே 10 அன்று உல்ம் அணியை 6-1 என்று வென்று மேலே வந்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கிளப். வெர்டர் பிரெமன் 1981 முதல் 40 வருடம் விடாமல் மேலே இருந்து 2021இல் இறங்கியது, ஒரே வருடத்தில் திரும்பியது. வோல்ஃப்ஸ்பர்க் 2017, 2018 இரண்டு வருடமும் பிளே-ஆஃபில் தப்பியது. இரண்டாவது முறை காப்பாற்றிய பயிற்சியாளரை அடுத்த சீசன் முழுக்க வைத்திருந்தது, ஆறாம் இடம் பிடித்து ஐரோப்பாவுக்குப் போனது.

மாற்றியிருக்க வேண்டியவை

2014 மே 18 இரவு, ஃபியூர்ட்டிலிருந்து திரும்பும் பேருந்திலேயே ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்: நாம் இறங்கிவிட்டோம், விதி மட்டும் நம்மை மேலே வைத்திருக்கிறது. இறங்கிய அணி என்ன செய்யுமோ, சம்பளச் செலவைக் குறைப்பது, இளைஞர்களை ஏற்றுவது, ஆட்டமுறையை முடிவுசெய்வது, அதையெல்லாம் மேலே இருந்துகொண்டே செய்ய ஒரு வருடம் கிடைத்தது. அந்த வருடத்தை வீணாக்கினார்கள். சொந்த ரசிகர்களிடம் இதை விளக்குவது கஷ்டம்தான். ஆனால் 2018 மே 12 அன்று கைதட்டிய கூட்டத்தைப் பார்த்தால், அவர்கள் நிர்வாகம் நினைத்ததைவிட நிதானமானவர்கள் என்றே தோன்றுகிறது.

பயிற்சியாளரை நீக்குவதற்கு ஒரு நிபந்தனை இருந்திருக்கலாம்: அடுத்த ஆள் யார், அவர் ஆட்டத்தில் என்ன மாறும் என்று எழுத்தில் சொல்ல முடியாவிட்டால் நீக்கக்கூடாது. 2018 ஜனவரியில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் 'போராட்டக் குணம்' என்ற பதில் நின்றிருக்காது. அந்த ஏழு ஆட்டத்தையும் 21 வயதுக்குட்பட்டோர் அணிப் பயிற்சியாளரிடம் கொடுத்திருந்தால் தப்பியிருப்பார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முடிவில் வோல்ஃப்ஸ்பர்கைவிட இரண்டு புள்ளிதான் பின்னால் இருந்தார்கள், அவ்வளவுதான் சொல்லலாம்.

கிளப் தானாகவே மாற்றிக்கொண்ட ஒன்றும் உண்டு. நின்ற கடிகாரத்தை முதலில் கிளப் தோன்றிய 1887இலிருந்து எண்ணும்படி திருப்பி ஓட்டினார்கள். அது யாருக்கும் ஒட்டவில்லை. 2019 கோடையில் கழற்றிவிட்டு, அந்த மூலையில் அரங்கம் இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எழுதிவைத்தார்கள்.